மகரந்தப் பந்தயமும் மணி பிடித்தலும்

கொல்கத்தாவில் மழைக்காலம் பிடித்துக்கொண்டால் தெருமுனைகளில் கரியடுப்புகள் முளைத்துவிடும். வங்காளிகள் 'புட்டா' என்று சொல்லும் மக்காச்சோளக் கதிரை மேலுறை உரித்துத் தணலில் புரட்டி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தருவார்கள். கடிப்பதற்கு முன்னால் அந்தக் கதிரை ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்பது நல்லது. வரிசையாக அடுக்கிய மணிகளுக்கு நடுவே அங்கங்கே பொக்கை விழுந்திருக்கும். நுனியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மணியே இல்லாமல் வெறும் நெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொக்கைகளில் பல, மகரந்தம் வந்து சேராத சூல்களின் இடங்கள். அந்தச் செடி பூத்திருந்த பத்து நாட்களில் வயலில் நடந்தவை எல்லாம் கதிரில் பதிவாகியிருக்கின்றன.

கதிரின் முனையில் பட்டுநூல் கற்றைபோலத் தொங்குகிறதே, அதில் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு சூலிலிருந்து புறப்பட்டு வருவது. ஒரு கதிரில் ஆயிரம் சூல்கள் வரை உருவாகலாம். நல்ல வயலில் நானூறு முதல் அறுநூறு மணிகள் தேறும். அடிப்பக்கத்துச் சூல்களின் இழைகள் முதலில் வெளியே வரும், நுனிச் சூல்களின் இழைகள் கடைசியில். செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்து ஒரு வாரம் போல மகரந்தம் உதிர்க்கும். அந்த வாரத்துக்குள் இழை வெளியே வந்தாக வேண்டும். வறட்சியில் ஆண் பூ ஏறக்குறைய அதன் நாளிலேயே பூத்துவிடும், இழைதான் தாமதிக்கும். இரண்டுக்கும் இடையே எட்டுப் பத்து நாள் இடைவெளி விழுந்துவிட்டால், தட்டை நன்றாக வளர்ந்திருந்தும் கதிர் வெறுமையாக நிற்கும்.

ஒரு மகரந்தத் துகளின் குறுக்களவு ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. காற்றில் பறக்கும் மகரந்தங்களில் இது பெரிது, கனமும் அதிகம். அதனால் பெரும்பகுதி தாய்ச்செடியின் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செத்துவிடும். உயிரோடு இழையில் ஒட்டிய துகள் சில நிமிடங்களில் முளைத்து ஒரு குழாயை விடுகிறது. அந்தக் குழாய் இழைக்குள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு சாண் தூரம் கடந்து சூலை அடைகிறது. அதில் வரும் இரண்டு விந்தணுக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுச் செல்லோடு சேர்ந்து மாவுச்சத்துத் திசுவாகிறது. நாம் தின்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சேர்க்கையின் விளைவு. மகரந்தம் இல்லையென்றால் விதை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், மாவும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஆண் பூங்கொத்து பத்து லட்சத்துக்கு மேல் துகள்களை உதிர்ப்பது சாதாரணம். பெரிய பூங்கொத்துள்ள பழைய ரகங்களில் ஒரு கோடிக்கும் மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள். பத்து லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்நூறு சூல்களுக்கு அதைப் பங்கிட்டால் ஒரு சூலுக்கு இரண்டாயிரம் துகள்கள். தேவை ஒன்று. காற்றை நம்பிய செடி கொஞ்சம் கூடுதலாகத்தான் உதிர்க்கும் என்று ஒரு பதில் சொல்லலாம். அது உண்மையும்தான், ஆனால் அந்தப் பதில் மட்டும் போதாது.

விட்டுப்போன பாதியைச் சொன்னவர் பிற்பாடு கொல்கத்தாவுக்குக் குடிவந்தார். மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தை விட்டு, பராநகரில் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வந்து சேர்ந்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். தாம் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் கூடவே கொண்டுவந்தார். அவர் 1932-ல் வெளியிட்ட 'பரிணாமத்தின் காரணங்கள்' நூலில் மகரந்தத்தைப் பற்றி ஒரு கருத்து வருகிறது. ஒரே சூலை நோக்கிப் பல மகரந்தக் குழாய்கள் போட்டியிடும்போது, குழாயை வேகமாக வளரச் செய்யும் ஒரு மரபணு அந்த இனம் முழுக்கப் பரவிவிடும். வளர்ந்த செடிக்கு அதே மரபணு ஓரளவு கெடுதல் செய்தாலும் பரவும். போட்டியில் ஜெயிப்பதும் இனத்துக்கு நல்லது செய்வதும் வெவ்வேறு காரியங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

மக்காச்சோளத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வயல் வேறு மாதிரித் தெரிகிறது. ஒவ்வொரு செடியும் தன் ஐந்நூறு மணிகளுக்குத் தாய். பக்கத்துச் செடிகளின் மணிகளுக்குத் தந்தையாகவும் முடியும், ஆனால் அங்கே ஆயிரம் செடிகளின் மகரந்தம் போட்டிக்கு நிற்கிறது. அதிகம் உதிர்க்கும் செடிக்கு அதிகம் வாரிசு. ஆகவே இயற்கைத் தேர்வு பூங்கொத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். விவசாயிக்கு எந்தச் செடி தந்தை என்பதில் அக்கறை இல்லை, மூட்டை நிறைந்தால் போதும். மகரந்தத்தின் கணக்கும் வயலின் கணக்கும் இங்கேதான் பிரிகின்றன. பயிர்ப்பெருக்கத்தின் ஒரு பெரும் பகுதியே இந்தப் பிரிவைச் சரிக்கட்டும் வேலை என்பது என் எண்ணம்.

மகரந்தப் பந்தயத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? கதிரிலேயே பார்க்கலாம். பொரிசோளத்தையும் இனிப்புச்சோளத்தையும் ஒட்டுச் சேர்த்து, அடுத்த தலைமுறையைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், மெண்டல் விதிப்படி நான்கில் ஒரு மணி சுருங்கிய இனிப்பு மணியாக இருக்க வேண்டும். நூற்றுக்கு 25. ஆனால் சில ஒட்டுகளில் பதினாறு போலத்தான் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்ல் காரென்ஸ் கவனித்த புதிர் இது. 1926-ல் மங்கெல்ஸ்டார்ஃப், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். இனிப்பு மரபணு இருக்கும் அதே நான்காம் குரோமோசோமில், அதற்குப் பக்கத்திலேயே, மகரந்தத்தின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. பொரிசோளத்திலிருந்து வந்த வடிவத்தைச் சுமக்கும் துகள்கள் அந்த இழைகளில் முந்திவிடுகின்றன. இனிப்பு மரபணுவைச் சுமப்பவை பெரும்பாலும் பின்தங்கும் கூட்டத்தில் இருக்கின்றன. மணியின் நிறத்தையோ சுவையையோ அந்த மரபணு தொடவில்லை. யார் முதலில் போய்ச் சேர்வது என்பதை மட்டும் மாற்றியது, அதிலேயே மெண்டலின் விகிதம் கலைந்துவிட்டது.

போட்டி எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 1974-ல் டேவிட் மல்காகி என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்தில், வேகமாக வளரும் மகரந்தக் குழாயின் வழிவந்த நாற்றுகள் உயரமாக வளர்ந்ததைக் காட்டினார். மகரந்தத்தில் வேலை செய்யும் மரபணுக்களில் பெரும்பகுதி செடியிலும் வேலை செய்பவை. அதனால் துகள் நிலையிலேயே நோஞ்சான்கள் வடிகட்டப்படுகின்றன. ஹால்டேன் எச்சரித்தது கெடுதலான மரபணுவும் இந்த வடிகட்டியில் தப்பிக்கலாம் என்பதைத்தான். இரண்டும் ஒரே கதிரில் நடக்கலாம்.

மகரந்தம் சும்மா வருவதில்லை. பூங்கொத்துக்குத் தழைச்சத்தும் சர்க்கரையும் வேண்டும், அது கதிருக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்து எடுத்துக்கொள்கிறது. மேலே இருப்பதால் இலைகளுக்கு நிழலும் தருகிறது. சிறிய பூங்கொத்துள்ள செடிகளை மெக்சிகோவின் சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையம் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தபோது விளைச்சல் ஏறியது. அமெரிக்காவில் டொனால்ட் டுவிக் பல பத்தாண்டுகளின் வீரிய ஒட்டு ரகங்களைப் பக்கம் பக்கமாகப் பயிரிட்டுப் பார்த்தார். ரகம் புதிதாக ஆக ஆகப் பூங்கொத்து சிறுத்திருந்தது. பூங்கொத்தைக் குறை என்று அந்த அமெரிக்கப் பயிர்ப்பெருக்கக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் விளைச்சலைத் தேடினார்கள், பூங்கொத்து தானாகக் குறைந்தது.

அப்படியானால் மகரந்தத்தை அடியோடு நிறுத்திவிட்டால்? அந்தக் கேள்விக்கு ஒரு செடி தானே வந்து பதில் சொன்னது. பெரு நாட்டு விதையிலிருந்து வளர்ந்த மக்காச்சோளத்தில் மகரந்தம் இல்லாத செடிகளை மார்க்கஸ் ரோட்ஸ் என்ற மரபியலாளர் ஆராய்ந்தார். அந்த மலட்டுச் செடியைத் தாயாக வைத்து, நல்ல செடிகளின் மகரந்தத்தைத் தலைமுறைதோறும் போட்டு, பத்துக் குரோமோசோம் ஜோடிகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். எல்லாம் மாறிய பிறகும் மலட்டுத்தன்மை போகவில்லை. அது குரோமோசோமில் இல்லை, தாய்வழி மட்டும் வரும் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்த விரிவான கட்டுரை 1933-ல் வெளிவந்தது. வெளிவந்த இதழ், பின்னாளில் ஹால்டேன் தம்மோடு கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தாரே, அதேதான்.

தாய்வழி மட்டும் செல்லும் ஒன்றுக்கு மகரந்தத்தால் எந்த லாபமும் இல்லை. சைட்டோபிளாசத்தில் இருக்கும், செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு, அது மக்காச்சோளத்தில் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. மகரந்தத்துக்குச் செலவாகும் சத்து விதைக்குத் திரும்பினால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது. குரோமோசோமில் இருக்கும் மரபணுக்களுக்கோ தந்தைவழியும் வேண்டும். ஆகவே மலடாக்கும் மரபணு மைட்டோகாண்ட்ரியாவில் தோன்றுவதும், அதை அடக்கி வளத்தை மீட்கும் மரபணு குரோமோசோமில் தோன்றுவதும் தாவர உலகில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஒரே செல்லுக்குள் குடியிருக்கும் இரண்டு மரபுத் தொகுதிகளின் நெடுங்காலத் தகராறு அது. மகரந்த வளம் என்று நாம் சொல்வது அந்தத் தகராறில் இப்போதைக்கு ஏற்பட்டிருக்கும் சமரசம்.

விதைத் தொழிலுக்கு இது வரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. வீரிய ஒட்டு விதை செய்ய இரண்டு தூய வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, தாய் வரிசையின் ஆண் பூங்கொத்தை மகரந்தம் உதிர்வதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கையால் உருவிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் விதை கலப்படமாகிவிடும். இந்தியாவில் 1957-ல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம் 1961-ல் வெளியிட்ட கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய ஒட்டு ரகங்களின் விதையும் இந்த உழைப்பை நம்பியதுதான். தாய் வரிசை பிறவியிலேயே மலடாக இருந்தால் உருவும் வேலை மிச்சம். தந்தை வரிசையில் வளம் மீட்கும் மரபணு இருந்தால் விவசாயியின் வயலில் பயிர் வழக்கம்போல மகரந்தம் தரும். டெக்சாஸில் கண்டெடுத்த ஒரு மலட்டு சைட்டோபிளாசம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1970 வாக்கில் அமெரிக்க மக்காச்சோளத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்த ஒரே சைட்டோபிளாசத்தைச் சுமந்தது.

அந்த ஆண்டு ஃப்ளோரிடாவில் தொடங்கி வடக்கு நோக்கி இலைக்கருகல் நோய் பரவியது. பழைய பூஞ்சைதான், புதிய இனம். கோடை முடிவதற்குள் நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போயிற்று. நஷ்டம் நூறு கோடி டாலர் அளவில். டெக்சாஸ் சைட்டோபிளாசம் உள்ள பயிரை இந்த நோய் அதிகம் தாக்குகிறது என்று பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் 1961-லேயே எழுதியிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஏழை நாட்டு வயலிலிருந்து வந்த எச்சரிக்கை அது.

காரணம் முழுதாகப் புரிய இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1986-ல் டூயியும் லெவிங்ஸும் அவர்களுடைய சகாக்களும் அந்த மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு விநோதமான மரபணுவைக் கண்டார்கள். வேறு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிச் சேர்ந்து உருவான ஒன்று. அது செய்யும் சிறிய புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் போய்ப் பதிகிறது. செடியின் மற்ற இடங்களில் அதனால் பெரிய தொல்லை இல்லை. மகரந்தப்பைக்குள், வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் செல் அடுக்கு ஒன்று உண்டு. மகரந்தம் உருவாகும் நாட்களில் அந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை நாற்பது மடங்கு பெருகும். செடியில் வேறெங்கும் இல்லாத சக்தித் தேவை அங்கே. அந்த இடத்தில்தான் கோளாறு வெடிக்கிறது. ஊட்டும் அடுக்கு முன்கூட்டியே சிதைகிறது, மகரந்தம் பட்டினியில் சுருங்குகிறது. பூஞ்சையின் நஞ்சு இதே புரதத்தில்தான் வந்து ஒட்டுகிறது. ஒட்டினால் சவ்வில் துளை விழுந்து இலைச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் சாகிறது. மகரந்தத்தை அழித்த புரதமே பூஞ்சைக்குக் கதவையும் திறந்துவிட்டது. இரண்டு குணங்களையும் பிரித்தெடுக்க வழியே இருக்கவில்லை.

வளத்தை மீட்க இரண்டு மரபணுக்கள் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று அந்தப் புரதத்தின் அளவைக் குறைக்கிறது. மற்றொன்று என்ன என்பது 1996-ல் தெரிந்தது: ஆல்டிஹைடு என்னும் நச்சுப் பொருட்களை அகற்றும் சாதாரண நொதி ஒன்று. டெக்சாஸ் சைட்டோபிளாசத்தையே பார்த்திராத மக்காச்சோள வரிசைகளிலும் அது இருந்தது. வேறு வேலைக்காக இருந்த நொதி இங்கே தற்செயலாகக் கைகொடுத்திருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இணையான கதை கம்பில் நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய மலட்டு வரிசையைத் தாயாக வைத்துப் பஞ்சாபில் அத்வால் குழு 1965-ல் எச்.பி. 1 என்ற ஒட்டுக் கம்பை வெளியிட்டது. விளைச்சல் பாய்ந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்த ஒட்டுக் கம்பு வயல்களை வாரிக்கொண்டு போயிற்று. மக்காச்சோளத்தின் பாடத்தை மனதில் வைத்து எல்லாரும் சைட்டோபிளாசத்தைத்தான் சந்தேகித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அது நிரபராதி என்று காட்டின. நோய்க்கு இடம் கொடுத்தவை அந்தத் தாய் வரிசையின் குரோமோசோம் மரபணுக்கள். இரண்டிலும் பொதுவாக இருந்தது, ஒரே தாயை லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டதுதான்.

ஒன்றையே நடுவதற்கு மாறாக, ஹால்டேனின் பராநகர் மாணவர்களில் எஸ். கே. ராய் என்பவர், ஒரே வயலில் இரண்டு நெல் ரகங்களைக் கலந்து நட்டால் என்ன ஆகும் என்று சோதித்து 1960-ல் எழுதினார். கலவை தனி ரகங்களை மிஞ்ச முடியும் என்று கண்டார். கருவி ஏதும் தேவைப்படாத, வயலும் தராசும் போதுமான ஆராய்ச்சி. ஹால்டேன் இந்திய இளைஞர்களிடம் வற்புறுத்தியதும் அந்த மாதிரி ஆராய்ச்சியைத்தான். அண்மையில் ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்தில் நடந்திருப்பது எனக்கு அதை நினைவூட்டுகிறது. அங்கே வயலில் பாதிச் செடிகள் மகரந்தம் தருபவை, பாதி தராதவையாக இருக்கும்படி ஒட்டு ரகங்களை அமைத்தார்கள். குரோமோசோமிலேயே இருக்கும், ஒரு பிரதி இருந்தாலே மலடாக்கும் ஒரு மரபணு அதற்குப் பயன்பட்டது. மலட்டுச் செடிகள் பூங்கொத்துக்குப் போக வேண்டிய தழைச்சத்தைக் கதிருக்கு அனுப்பின. 2022-ல் வெளியான முடிவுகளின்படி ஹெக்டேருக்குச் சராசரியாக 200 கிலோ கூடுதல் கிடைத்தது. உரம் வாங்க வழியில்லாத சிறு விவசாயியின் வயலில் அது பெரிய தொகை. பாதி மகரந்தம் போயும் மணி பிடித்தது என்பதிலிருந்து, மிச்சப் பாதியிலும் எவ்வளவு உபரி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்தப் பாதி மலட்டுப் பயிரை வங்காளத்துக்குக் கொண்டுவரலாமா? கொல்கத்தாவின் எதிர்க்கரையில், சிப்பூர் தாவரவியல் தோட்டத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிர்வகித்த வில்லியம் ராக்ஸ்பர்க், மக்காச்சோளத்தை இந்தியாவில் தோட்டங்களில்தான் வளர்க்கிறார்கள், பெரிய அளவில் எங்கும் பயிரிடுவதாகத் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். இன்று வடக்கு வங்காளத்தில், உத்தர தினாஜ்பூர், மால்டா, கூச்பிகார் பக்கம் அது குளிர்காலப் பணப்பயிர். கோழித்தீவனத்துக்குப் போகிறது. மழைக்காலப் பயிரைவிடக் குளிர்காலப் பயிர் அதிகம் விளையும், பூக்கும் நேரம் சரியாக அமைந்தால்.

சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்துப் பிகார் 2010-ல் பார்த்தது. தட்டை ஆளுயரம் வளர்ந்து, கதிரும் வந்து, உரித்துப் பார்த்தால் பல மாவட்டங்களில் மணி இல்லை. பூக்கும் பருவத்துக் குளிர்தான் காரணமாகப் பேசப்பட்டது. மகரந்தத் தாய் செல்கள் பிரியும் அந்தச் சில நாட்களில் கடும் குளிர் தாக்கினால், அதே ஊட்டும் அடுக்கு தடுமாறுகிறது, மகரந்தம் மலடாகிறது. நம் பெரம்பலூரில் எதிர்த்திசையில் ஆபத்து. பூக்கும்போது வெப்பம் 38 டிகிரியைத் தாண்டினால் துகள்கள் இழையைத் தொடும் முன்பே சாகின்றன.

இந்த மலட்டுத்தன்மையைக் கண்டுபிடிக்க ஒரு கல்லூரி நுண்ணோக்கியும் ஒரு சொட்டு அயோடின் கரைசலும் போதும். வளமான துகளில் மாவுச்சத்து நிரம்பியிருப்பதால் அது கருநீலமாகும். மலட்டுத் துகள் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். வெவ்வேறு தேதியில் விதைத்த வயல்களிலிருந்து பூங்கொத்தை எடுத்து எண்ணினால், எந்த வாரம் விதைத்தது குளிரில் மாட்டியது, எந்த ரகம் தாங்கியது என்று அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே சொல்லிவிடலாம். தாவரவியல் துறை உள்ள ஒவ்வொரு மாவட்டக் கல்லூரியும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பாதி மலட்டுப் பயிரின் கேள்வியும் இந்த எண்ணிக்கையில்தான் போய் நிற்கிறது. சாதாரண ஆண்டில் மகரந்தத்தின் உபரி வீண் செலவு. குளிர் கடிக்கும் ஆண்டில் பத்துத் துகளில் ஏழு செத்தாலும் மீதி மூன்று வேலையை முடித்துவிடும், அதற்கு அந்த உபரி வேண்டும். வயலில் பாதிச் செடிகள் ஏற்கெனவே மகரந்தம் தராதவை என்றால், மறுபாதியைத் தாக்கும் குளிரைத் தாங்க இடம் குறைவு. வடக்கு வங்காளத்தில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை குளிர் பூக்கும் வாரத்தில் வந்து விழுகிறது, அந்த வாரத்தில் எத்தனை சதவீதத் துகள்கள் கருநீலமாகின்றன என்ற இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான், பூங்கொத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு பயிர்ப்பெருக்கக்காரர் அந்த விவசாயியிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்.